எட்டாம் எண் காரின் இடது பக்கம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அவரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி? லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் படி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்து கிடக்கிறார் என்று சொன்னால் இங்கே பல் லேபில் யாரும் நம்புவதில்லை. அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்.

போனில் கேட்டால் 'ம்' என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கார் ரேஸ் கிளப்புக்கு இந்த வருடம் ஐம்பது வயது. மே மாதம் கண்காட்சி வைக்கிறார்கள். பழைய கார்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன, அதனால் மாதிரிகள் செய்து வைக்கப் போகிறார்களாம். நான் பகலில் பொய்ப்பல் செய்கிறவள், ஞாயிற்றுக்கிழமை குட்டிக் கார் செய்கிறவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் நேரில் வந்து கேட்டார். எந்தக் கார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். நான் எட்டாம் எண்ணைச் செய்கிறேன் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோபப்படாதே. பதினெட்டு வருடமாக நம் வீட்டில் அந்தக் காரைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்றைய ரேஸில் மூன்றாவது வளைவில் இடது முன்சக்கரம் கழன்று ஓடியது. காரை ஓட்டிய நெட்டை அண்ணனுக்கு ஒரு கால் போயிற்று. சக்கர நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே செருகும் பின்னைப் போட மெக்கானிக் மறந்துவிட்டார் என்று கிளப் விசாரணையில் எழுதினார்கள். அந்த மெக்கானிக் நீ. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் ஊரை விட்டுப் போனாய். நீ ஒரு பென்சிலைக்கூடத் தொலைத்ததில்லை, நீயா பின்னை மறந்தாய் என்று அன்றைக்கே கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அந்த மாடலின் கிட் கிடைத்தது. பெட்டியில் உள்ளதை அப்படியே ஒட்டினால் அது ஏதோ ஒரு கார். எனக்கு வேண்டியது அன்றைய எட்டாம் எண். என்னிடம் இருக்கும் படத்தோடு வைத்துப் பார்த்தால் கிட்டின் மூக்கு நீளம், பக்கக் கண்ணாடிகள் தாழ்வு. பக்கத் தகட்டில் எத்தனை ரிவெட் ஆணி என்று எண்ண முடியவில்லை. இன்னொன்று. இடது முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பாகத் தெரிகிறது. வலது ஆர்ம் வெறும் இரும்பு நிறம்தான். நிழலா, அழுக்கா?

பதில் போடு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தங்கை


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு ஏறுகிறேன். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா?

வேறு கார் செய். அந்த வருடம் ஜெயித்த சிவப்புக் கார் பார்க்க அழகாக இருக்கும்.

கேட்க மாட்டாய், தெரியும். அதனால் சொல்கிறேன். மூக்கு குட்டைதான். அதற்கு முந்தின ரேஸில் சுவரில் முட்டி நசுங்கியதை நான் அறுத்துச் சீர் செய்தேன். 38 மில்லிமீட்டர் போனது. உன் அளவில் மூன்றுக்குக் கொஞ்சம் மேல் எடு. நெட்டையின் தலை உயரத்துக்குக் கண்ணாடிகளைத் தூக்கி, அடியில் அலுமினியத் துண்டு வைத்தேன். அப்படியும் அவன் கால் நீட்ட இடம் போதாமல் சீட்டின் மெத்தையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் தகட்டில் உட்கார்ந்து ஓட்டினான். கிட்டில் மெத்தை இருந்தால் எடுத்துவிடு. ஸ்டியரிங்கில் துணி டேப் சுற்றியிருக்கும், வலமிருந்து இடம். ரிவெட் வலது பக்கம் 29, இடது பக்கம் 31. அந்த இரண்டு நான் தப்பான இடத்தில் துளை போட்டு அடைத்தது. அதற்காக நெட்டை என்னை ஒரு மாதம் 'முப்பத்தொண்ணு' என்று கூப்பிட்டான்.

இந்த வாரம் பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்டைப் பூட்டி வைத்திருக்கிறேன். கயிற்றில் இரண்டு இழை அறுந்திருக்கிறது. மேனேஜர் தினமும் கத்துகிறார். புதுக் கயிறு வரும் வரை சாவி என் சட்டைப் பையில்தான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று லேபில் ஒரு முழுப் பல்செட்டைத் தலைகீழாக வைத்து மெருகு போட்டேன், அவ்வளவு சந்தோஷம். எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குச் சளி இருந்தது, சரியாகிவிட்டது.

மூக்கை அறுத்தாயிற்று. 3.2 மில்லிமீட்டர். அறுத்த இடத்தில் பல் செய்யும் அக்ரிலிக்கை வைத்துத் தேய்த்தேன், ஒட்டுப் போட்டது தெரியவில்லை. ரிவெட்டுக்கு ஊசி முனையில் பசை தொட்டு ஒவ்வொன்றாக வைத்தேன். இடது பக்கம் சரியாக முப்பத்தொன்று. அந்த இரண்டும் கோணலாகவே இருக்கின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு கோணலாக வைத்தேன்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி. அன்று பத்திரிகைக்குப் படம் எடுத்தவரைத் தேடிப் போனேன். இப்போது ஓய்வில் இருக்கிறார். வீட்டில் பிஸ்கட் டப்பாக்கள் நிறைய நெகட்டிவ். தேடி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். கார்கள் புறப்படும் கோட்டில் நிற்கின்றன, கொடி இன்னும் விழவில்லை, எட்டாம் எண்ணின் இடது பக்கம் முழுவதும் தெரிகிறது. லேபில் பல் பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். நட்டின் குறுக்கே பின் இருக்கிறது, அண்ணா. இரண்டு முனையும் வளைத்து விடப்பட்டிருக்கிறது. நீ வளைக்கிற மாதிரியே ஒன்று மேலே, ஒன்று கீழே.

படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அரைமணி நேரம் தெருவில் நடந்தேன். மாதிரியிலும் பின் போட்டுவிட்டேன். பல்லுக்குக் கம்பி கட்டும்போது உபயோகிக்கிற மெல்லிய கம்பி, கால் மில்லிமீட்டர் தடிமன். சரியாக வந்திருக்கிறது.

போட்டிருந்தால் போட்டேன் என்று ஏன் சொல்லவில்லை?

அந்தக் கறுப்புப் பட்டை இந்தப் படத்திலும் இருக்கிறது. நிழல் இல்லை. வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. நீ எல்லாவற்றுக்கும் பதில் எழுதி அதற்கு மட்டும் எழுதவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 24

அன்புத் தங்கைக்கு,

நலம். சின்னவளைக் குளிரில் வெளியே விடாதே.

பின் போட்டிருந்தேன். அது உண்மை. அதோடு விடு.

அண்ணன்


மார்ச் 6

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம், உன் நலத்தை நீ எழுதினால்தான் தெரியும்.

விடமாட்டேன். போன திங்கட்கிழமை செயலாளர் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க லேபுக்கு வந்தார். குனிந்து பார்த்தார், புகழ்ந்தார். பின்னைக் காட்டினேன். நிமிர்ந்துவிட்டார்.

"இதை எடுத்துடுங்கம்மா," என்றார்.

"ஏன் சார்?"

"விசாரணை ரிப்போர்ட்ல பின் போடலன்னு இருக்கு. அதையும் பக்கத்துல வைக்கப் போறோம். ஒண்ணுக்கொண்ணு இடிக்கும்ல."

"படத்துல பின் இருக்கு சார்."

"இத்துனூண்டு கம்பி. யார் பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்கன்னா இருந்துட்டுப் போகட்டுமே. நீங்க ஏன் எடுக்கச் சொல்றீங்க?"

தலைவர் விரும்ப மாட்டார் என்று மட்டும் சொன்னார். இப்போது கிளப் தலைவர் யார் தெரியுமா? உன் பழைய முதலாளி. எட்டாம் எண்ணின் சொந்தக்காரர். தன் காருக்கு நடந்த விபத்தைத் தானே விசாரித்து ரிப்போர்ட் எழுதிய அதே மனிதர்.

பின்னை எடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். லேப் முதலாளியம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லா சொன்ன. இப்ப அந்தக் கடவாய்ப்பல்லை முடி," என்றார்.

நீ அங்கே பயந்து உட்கார்ந்திருக்கிறாயா, இல்லை வேறு ஏதாவதா? கறுப்புப் பட்டை என்ன?

தங்கை


ஏப்ரல் 3

அண்ணா,

ஒரு மாதம் ஆகிறது. உடம்பு சரியில்லையா? போனையும் எடுக்கவில்லை. காரில் எல்லாம் முடிந்துவிட்டது. இடது கீழ் ஆர்ம் மட்டும் வர்ணம் பூசாமல் தனியாக ஒரு கிண்ணத்தில் கிடக்கிறது. என்னவென்று தெரியாததை நான் வைக்க மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 10

அன்பு நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலம்தானே? உன் அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை. வேலை முடிந்து வந்ததும் டூல் பெட்டியைத் திறந்து ஸ்பேனர்களைத் துடைக்கிறார். துடைத்ததையே மறுநாளும் துடைக்கிறார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருகிறார், தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் கடிதங்களை நான் படித்தேன். படித்தது தப்புதான், அவரிடமும் சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆகிப் பதினாறு வருடம். ரேஸ் வேலை பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். ஒருவருக்குக் கால் போன கதை உன் எழுத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் கேட்டேன். "நீங்க பின்னை மறக்கலைன்னா வேற என்ன பண்ணீங்க?" அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நீ நிறுத்திவிடுவாயோ என்றுதான் இந்தக் கடிதம். நிறுத்தாதே. இத்தனை நாள் நான் ஒரு பூட்டின பெட்டியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். உள்ளே என்ன இருந்தாலும் திறந்தாக வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அண்ணி


ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இல்லை, ஆனால் எழுத முடிகிறது. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதி முடிக்கிற வரை எழுந்திருக்க மாட்டாளாம். முதலில் அவளிடம் வாயால் சொன்னேன், அதனால் இப்போது எழுத வருகிறது.

ரேஸுக்கு முந்தின நாள் பிற்பகல் காரைக் கழுவினேன். இடது கீழ் ஆர்மில் வெல்டிங் ஓரமாக ஒரு கோடு. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டியது. விரிசல். உன் சுண்டுவிரல் நக அகலம் இருக்கும். வேறு ஆர்ம் கையில் இல்லை. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒரு ரேஸ் தாங்கும்," என்றார்.

"தாங்காது சார். மூணாவது வளைவுல முழு பாரமும் இது மேலதான் விழும்."

"நாளைக்கு யார் யார் வராங்க தெரியுமா? கார் ஓடணும். நெட்டைகிட்ட சொல்லாத, பயந்துடுவான். மேல கொஞ்சம் பெயிண்ட் அடி."

அவரே அலமாரியிலிருந்து கறுப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நான் அடித்தேன். நீ படத்தில் பார்த்த கறுப்பு அதுதான். என் கையால் அடித்தது.

மறுநாள் நெட்டையின் பெல்ட்டை நான்தான் இழுத்துக் கட்டினேன். "முப்பத்தொண்ணு, எல்லாம் சரிதானே?" என்றான். தலையாட்டினேன். மூன்றாவது வளைவில் ஆர்ம் அந்த விரிசலில் முறிந்தது, சக்கரம் அதோடு போனது.

அந்தத் தலையாட்டலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. பின் போடவில்லை என்று எழுதினார்கள். பொய் என்று சொல்ல வாய் திறந்தால் உண்மையையும் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு தண்டனை, எனக்குச் சேர வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டேன். அது தண்டனை இல்லை, ஒளிந்துகொள்ள இடம் என்று இப்போது புரிகிறது. எனக்கும் இடம், முதலாளிக்கும் இடம்.

நீ பின்னை வைத்தது எனக்காக. அது போதாது. அது மட்டும் இருந்தால் நான் ஒன்றும் செய்யாதவன் என்று ஆகிவிடும். செய்வதென்றால் முழுதாகச் செய். முதலில் வெல்டிங் ஓரத்தில் விரிசலைக் கீறு, உன் அளவில் ஒரு மில்லிமீட்டர் வரும். அதன்மேல் பிரஷ்ஷால் கறுப்பு அடி. ஸ்பிரே கூடாது. மேலிருந்து கீழே இரண்டு இழுப்பு, கீழே கொஞ்சம் வழிந்திருக்கும். கண்ணுக்கு விரிசல் தெரியாது, ஆனால் அடியில் இருக்க வேண்டும். பக்கத்தில் வைக்கிற அட்டையில் இப்படி எழுது, ஒரு சொல்லையும் மாற்றாதே.

'எட்டாம் எண் கார், புறப்படும் முன் இருந்தபடி. இடது முன்சக்கர நட்டில் பின் போடப்பட்டிருந்தது. கீழ் ஆர்மில் விரிசல் இருந்தது. அது காரின் முதலாளிக்கும் மெக்கானிக்குக்கும் தெரியும். ஓட்டியவருக்குத் தெரியாது.'

என் பெயரைப் போடு.

அண்ணன்


மே 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாவது நாள் ஆர்மைக் கிண்ணத்திலிருந்து எடுத்தேன். இப்போது எல்லோரும் நலம். நீ சாப்பிடுகிறாய் என்று அண்ணி எழுதியிருந்தார், நிம்மதி.

விரிசலை மூன்று தடவை கீறினேன். முதல் தடவை அகலம் அதிகம், இரண்டாவது தடவை வெல்டிங்கைத் தாண்டிப் போய்விட்டது. கறுப்புக்கு அடியில் போகப்போவது தெரிந்தும் புது ஆர்ம் செய்து மறுபடி கீறினேன். பெயிண்ட் நீ சொன்னபடி இரண்டு இழுப்பு, கீழே ஒரு வழிசல்.

கிளப்புக்குக் கொண்டுபோனேன். செயலாளர் அட்டையைப் படித்துவிட்டுத் தலைவர் அறைக்குள் எடுத்துப் போனார். உன் முதலாளி தானே வெளியே வந்தார். முடி எல்லாம் வெளுத்துவிட்டது, சட்டை மட்டும் அதே மடிப்பு.

"கார் இருக்கட்டும். அட்டை வேண்டாம்," என்றார்.

"ரெண்டும் சேர்ந்துதான் சார் மாதிரி. அட்டையை எடுத்தா அளவு தப்பிடும்."

"இது அவதூறு. என்ன ஆதாரம் வெச்சிருக்க?"

"பெயிண்ட் அடிச்சவரே எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கு. டப்பா எடுத்துக் கொடுத்தது யாருன்னும் அதுல இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு காரைப் பார்க்காமலே திரும்பி உள்ளே போனார். நான் காரையும் அட்டையையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் லேபின் முன்பக்கம் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, நினைவிருக்கிறதா? கண்காட்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பஸ்ஸிலிருந்து இறங்கி அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். லேப் முதலாளியம்மாவிடம் கேட்டேன். "பல்லுக்குப் பக்கத்துல காரா?" என்றார். அப்புறம் பல்செட்டுகளை அவரே ஓரமாக நகர்த்தினார். முதல் நாள் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பழைய போட்டோக்காரர் தன் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கிளப்பிலிருந்து ஒரு வக்கீல் போன் செய்தார். முதலாளியம்மா வாங்கி, "பல் வலின்னா வாங்க, மத்ததுக்கு கோர்ட்டுக்குப் போங்க," என்று வைத்துவிட்டார்.

நேற்று நெட்டை அண்ணன் வந்தார்.

இப்போது டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். கைத்தடியால் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே கூட்டி வந்து நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. என் லென்ஸை வாங்கி நின்றபடியே நெடுநேரம் பார்த்தார்.

"மூக்கு சரியா இருக்கு. சீட்ல மெத்தை இல்ல. ரிவெட் எண்ணிட்டேன்," என்றார். அப்புறம் அட்டையைப் படித்தார். மறுபடி படித்தார். "இது அவனே எழுதினதா?"

"அவரே சொல்லி எழுதினது. ஒரு எழுத்து மாத்தல."

"பதினெட்டு வருஷமா அவன் மறந்துட்டான்னு நெனச்சேன். மறதி யாருக்கும் வரும். அவனை எப்பவோ மன்னிச்சுட்டேன். இது மறதி இல்லையே, பாப்பா. நான் கேட்டேனே அவனை, எல்லாம் சரிதானேன்னு கேட்டேனே."

லென்ஸை மேஜைமேல் வைத்தார்.

"அந்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கிட்டேன்னு எழுது. அட்டையில எழுதினா ஆச்சா? நேர்ல வரச் சொல்லு. இந்தத் தடியாலயே அடிப்பேன்."

வாசல்வரை போய்த் திரும்பினார். "வருஷா வருஷம் கிளப் விழாவுல அந்த ஆளு, அதான் தலைவரு, மேடையில என் கையைப் பிடிச்சுக் குலுக்குவான். இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கான். போகமாட்டேன்னு இருந்தேன். இப்ப போகப் போறேன். முப்பதாம் தேதி, சாயந்தரம் நாலு மணி." சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து போனார்.

அவர் சொன்னதைக் குறைக்காமல் எழுதிவிட்டேன். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் தங்கை


மே 25

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நானும் அண்ணியும் நலம். உன் கை வலிக்கும், நாலு நாள் எந்தக் காரையும் தொடாதே.

முப்பதாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். வேலைக்கு விடுப்பு கேட்டேன், தரவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அண்ணியும் வருகிறாள். வேண்டாம் என்றேன், பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு முதலாளிக்கும், அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கும், கிளப் வக்கீலுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என்மேல் வழக்குப் போட்டால் நல்லது. கேட்கிற இடத்தில் சொல்லலாம்.

நெட்டையிடம் சொல், மன்னிப்பைக் கேட்டு வரவில்லை. அன்றைக்கு அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல வருகிறேன். லேபுக்கு உள்ளே வைத்து வேண்டாம், ஜன்னலுக்கு முன்னால் தெருவிலேயே நிற்கிறேன். அடிக்கட்டும். கையைக் குறுக்கே வைக்க மாட்டேன். நீயும் குறுக்கே வராதே, அண்ணியைப் பிடித்துக்கொள்.

அடித்து முடித்ததும் அவனுக்கு மூச்சு வாங்கும். வெளியே ஒரு நாற்காலி போட்டு வை. அவன் உட்கார்ந்து எழுந்ததும் கிளப் மேடைக்குக் கிளம்புகிறோம். அவன் சேர்த்துக்கொண்டால் பக்கத்தில் நடப்பேன், சேர்த்துக்கொள்ளாவிட்டால் பின்னால் நடப்பேன். நாலு மணிக்கு அங்கே இருப்பேன்.

அண்ணன்